இருபத்திரண்டு கிலோ மணல்

அந்தக் காரை அழகில்லை என்று சொன்னால் சொன்ன வாய் அழுகிப் போகும். தாழ்ந்த உடம்பு, சரிந்த முதுகு, இரண்டே இரண்டு சீட்டு. நிற்கும்போதே ஓடுகிற மாதிரி இருக்கும். தொழிற்சாலையில் அதற்குக் குருவி என்று பெயர். அதன் அழகுக்காக வைத்த பெயர் என்று வெளியில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். உள்ளே வேலை பார்த்தவர்களுக்குத்தான் சங்கதி தெரியும். இஞ்சின் பின்னால், முன்னால் வெறும் பெட்டி. வேகம் நூறைத் தாண்டினால் மூக்கு மேலே எழும்பும். முன் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் போகும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி காதில் வாங்காது. பறக்கப் பார்க்கிற வண்டி, அதனால் குருவி.

அவள் அங்கே சீட் தைத்தாள். எதைத் தைத்தாலும் ஒரு வரிசை போட்டு, அதை ஒட்டி இன்னொரு வரிசையும் போடுவாள். முடிக்கிற இடத்தில் மூன்று தையல் பின்னோக்கிப் போடுவாள். நூல் வீணாகிறது என்று சூப்பர்வைசர் கத்திப் பார்த்தார்.

"நூல்தானே சார் வீணாப் போகுது, உக்கார்றவன் வீணாப் போகலையே" என்றாள்.

கூடமே சிரித்தது. அன்றிலிருந்து அவள் பெயர் ரெட்டைத் தையல்.

அவள் புருஷன் அதே தொழிற்சாலையில் டெஸ்ட் டிரைவர் ஆறு பேரில் ஒருவன். செய்து முடித்த ஒவ்வொரு குருவியையும் பின்பக்கத்து வட்டப் பாதையில் பத்துச் சுற்று ஓட்டிப் பார்ப்பது அவர்கள் வேலை. ஒரு நாள் வீட்டுக்கு வந்தவன் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீர் குடித்தான்.

"இன்னிக்கு மூக்கு தூக்கிடுச்சு. ஒரு நூல் தப்பியிருந்தா தண்ணி டேங்குல போய் முட்டியிருப்பேன்."

"மூக்குல எதையாவது கனமா வைங்களேன். காத்துல பறக்கிற துணி மேல கல்லை வைக்கிற மாதிரி" என்றாள். ஏதோ பேச்சுக்குச் சொன்னதுதான். அவன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தான்.

அடுத்த நாள் சீட்டுக்கு வெட்டியதில் மிஞ்சிய தோலில், மெழுகு நூலால், கையாலேயே ஒரு பை தைத்தாள். வார்ப்படக் கூடத்திலிருந்து காய்ந்த மணலை அள்ளி வந்து நிரப்பினார்கள். பத்துக் கிலோவுக்கு வண்டி அடங்கவில்லை. பதினைந்துக்கும் அடங்கவில்லை. இருபத்திரண்டு கிலோவில் பெட்டிப் பாம்பாய் அடங்கியது. பிறகு டெஸ்ட் டிரைவர் ஆறு பேரும் ஆளுக்கொரு பை கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மேலே இருந்தவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரியும். தெரியாத மாதிரி நடந்தார்கள். காசு கொடுத்து வண்டியை வாங்கிப் போனவர்களுக்கு மட்டும் பையும் இல்லை, பேச்சும் இல்லை.

மகனுக்கு ஆறு வயது நடந்தபோது, ஒரு மத்தியானம், மூன்றாவது வளைவில் புருஷன் ஓட்டிய வண்டி திரும்பாமல் நேரே போய்ச் சுவரில் மோதியது. அவன் அங்கேயே போய்விட்டான்.

ஒரு வாரத்தில் கம்பெனியில் விசாரணை அறிக்கையை ஒட்டினார்கள். அனுமதி இல்லாமல் டிரைவர் வைத்த மணல் பை தையல் விட்டுக் கிழிந்தது, கொட்டிய மணல் ஸ்டியரிங்குக்குள் இறங்கி அதை இறுக்கிவிட்டது, வண்டியில் குறை ஏதும் இல்லை. இவ்வளவுதான் அறிக்கை. தையல் விட்டு. அந்த இரண்டு வார்த்தையும் அவள் தலையில் இடியாக இறங்கியது.

வேறு யாராயிருந்தாலும் எப்படியாவது தாங்கியிருப்பார்கள், அவளால் முடியவில்லை. சீட் கூடத்தில் அவள் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால், "பேரு ரெட்டைத் தையலாம்" என்று இழுத்தார்கள். மாமியார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனாள். "என் பிள்ளையை ஊசியாலயே கொன்னுட்டா" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். சாகக் கிடந்தபோது ரெட்டைத் தையல் பார்க்கப் போனாள். நாத்தனார் கதவில் கையை வைத்து மறித்து நின்று, "அம்மா தூங்கறா" என்றாள். உள்ளே மாமியார் இருமுவது நன்றாகக் கேட்டது.

அவள் வேலையை விட்டாள். வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுத் திரைச்சீலையும் தலையணை உறையும் தைத்து மகனை ஆளாக்கினாள். சில வருஷத்தில் தொழிற்சாலையும் மூடிவிட்டது. ஆனால் குருவி செத்த பிறகுதான் அதற்கு மவுசு வந்தது. சுவரில் படமாக மாட்டினார்கள், பொம்மையாகச் செய்து விற்றார்கள். அதை ஓட்டியே பார்க்காதவர்கள் அதற்காக உருகினார்கள். முப்பத்திரண்டு வருஷம் கழித்து, புதிதாக வந்த முதலாளிகள் பெயரையும் கட்டடத்தையும் சேர்த்து வாங்கி, குருவியை மறுபடியும் செய்யப் போவதாக அறிவித்தார்கள். மேலே அதே உருவம், உள்ளே எல்லாம் புதிது. மகனுக்கு அங்கே சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. அவள் நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும்போது நீலநிற வேலைச் சட்டையைக் கொடுத்துவிட்டுப் போவான். கிழிசலைத் தைத்து வைப்பாள்.

ஒரு நாள் காலை இன்ஜினியர் பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். பழைய சீட்டின் தையலைப் பற்றிக் கேட்க வந்தவள்.

"உங்க பையன்தான் சொன்னாரும்மா, நீங்க அங்க தைச்சவங்கன்னு. அந்த மணல் பை கூட உங்க தையல்தானாமே?"

"எந்தப் பை?"

"உங்களுக்குத் தெரியாதா? அவர் சொல்லலையா?"

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. பழைய வரைபடங்கள் ஈரத்தில் கூழாகிவிட்டன. அளவெடுக்க முழு வண்டி ஒன்றும் கிடைக்கவில்லை. பூட்டிக் கிடந்த ஒரு கொட்டகையில் அந்த மோதிய வண்டிதான் இருந்தது. அதன் முன்மூடி நசுங்கி இறுகிப்போயிருந்ததால் அறுத்துத்தான் திறந்தார்கள். உள்ளே பை இருந்தது.

ரெட்டைத் தையல் கேட்டாள். "கிழிஞ்சிருந்துதா?"

"இல்லம்மா. பொட்டு மணல் கூட வெளிய வரலை. எடை போட்டோம், இருபத்திரண்டு கிலோ சரியா இருந்துச்சு." அந்தப் பெண் போனில் படத்தைக் காட்டினாள். தூசிக்கு நடுவே பழுப்பு மெழுகு நூல், இரண்டு வரிசை, முடிவில் மூன்று தையல். "ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் சேர்க்கிற இணைப்புக் கம்பிதான் உடைஞ்சிருக்கு. அது மெல்லிசு, எந்த வண்டியில வேணா உடைஞ்சிருக்கும். புது வண்டியில அதை மாத்திட்டோம். மூக்குலயும் ஒரு இரும்புக் கட்டியை போல்ட் போட்டு வெச்சிருக்கோம். கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டா எவ்வளவு வந்துச்சு தெரியுமா? இருபத்திரண்டு கிலோ!"

அந்தப் பெண் சந்தோஷமாகச் சிரித்தாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? ரெட்டைத் தையல் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். அன்றைக்கு மூடியையே திறக்கவில்லை. திறந்தே பார்க்காமல் பை கிழிந்தது என்று எழுதியிருக்கிறார்கள். அந்த எழுத்தை நம்பி ஒரு கிழவி சாபம் விட்டுக்கொண்டே செத்திருக்கிறாள்.

"எப்போ திறந்தீங்க?"

"நாலு மாசம் இருக்கும்மா. உங்க பையனும் கூடத்தான் இருந்தார்."

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். அவள் சாப்பாட்டைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நாலு மாசம் தொண்டையில வெச்சுக்கிட்டு எப்படிடா சோறு இறங்குச்சு உனக்கு?"

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "சொன்னா நீ சும்மா இருப்பியாம்மா? நேரா போய்ச் சண்டை போடுவே. பழைய அறிக்கை பொய்யின்னு இவங்க ஒத்துக்கிட்டா, அன்னிக்கு வண்டி வாங்கி முட்டிக்கிட்டவன் குடும்பமெல்லாம் கேஸ் போட வந்து நிக்கும். எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

"உனக்கு ஒரு அப்பனும் இருந்தான்."

அவன் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போனான். அக்குளில் கிழிந்த வேலைச் சட்டை நாற்காலியில் கிடந்தது.

அவளுக்குக் கேஸும் வேண்டாம், காசும் வேண்டாம். வேண்டியது ஒன்றே ஒன்று, அது நாத்தனார் காதில் ஏற வேண்டும். மாமியார் போய்விட்டாள், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. நாத்தனாருக்கு எழுபது தாண்டிவிட்டது. அவளும் அதே நினைப்போடு போய்விட்டால், அப்புறம் யாரிடம் போய்ச் சொல்வது?

தொழிற்சாலைக்குப் போனாள். மேனேஜர் நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, பெரியம்மா பெரியம்மா என்று உருகினார். அவள் ஒரே ஒரு வரி எழுதிக் கேட்டாள். பை கிழியவில்லை என்று.

"எழுத்துல மட்டும் கேக்காதீங்க பெரியம்மா, வக்கீல் என் கழுத்தைப் பிடிப்பார். பையைக் கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறோம். புது வண்டி வெளியிடற அன்னிக்கு யாரை வேணா கூட்டிட்டு வாங்க. விருந்தாளிங்க வர்றதுக்கு முன்னால பெட்டியைத் திறந்தே காட்டச் சொல்றேன். தொட்டுப் பார்க்கட்டும்."

தொட்டுப் பார்க்கட்டும் என்றதும் அவள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நாத்தனார் முப்பது வருஷம் துணிக்கடையில் நின்றவள். இப்போது கண் பாதிதான் தெரிகிறது. ஆனால் விரலால் தடவியே இது என்ன நூல், எத்தனை வருஷத்து நூல் என்று சொல்லிவிடுவாள். காகிதத்தைக் காட்டினால்கூட நம்ப மாட்டாள், விரலை நம்புவாள்.

நாத்தனார் வீட்டுக்குப் போய் வாசலிலேயே நின்று கூப்பிட்டாள். "அண்ணி, ஒரே ஒரு தடவை என்கூட வாங்க. அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

"முட்டி வலிக்குதுடி."

"நான் பிடிச்சுக்கறேன்."

வந்தாள். பஸ்ஸில் இரண்டு பேரும் அடுத்தடுத்து உட்கார்ந்து வந்தார்கள்.

கூடம் முழுக்க விளக்கு. நடுவில் சிவப்புக் குருவி, எண்ணெய் தடவின மாதிரி பளபளவென்று. ஓரமாகக் கண்ணாடிப் பெட்டி. மேனேஜரும் மகனும் இன்ஜினியர் பெண்ணும் நின்றார்கள். பெட்டியைத் திறந்தார்கள். ரெட்டைத் தையல் கிட்டப் போனாள். போனவுடனேயே தெரிந்துவிட்டது.

தோலுக்கு மெருகேற்றியிருந்தார்கள். விளிம்பில் மஞ்சள் நூல் ஓடியது. இரண்டு வரிசை, நேர்கோடாக, மெஷின் அடித்த தையல். அவள் தையல் ஒன்றுகூட இல்லை.

"நான் ஊர்ல இல்லைம்மா" என்றாள் இன்ஜினியர் பெண். "நூல் இத்துப்போச்சு, காட்சிக்கு நல்லா இருக்காதுன்னு பிரிச்சுத் தைச்சுட்டாங்க. மணல் கனத்துக்குப் பலகை தாங்காதுன்னு உள்ள பஞ்சு வெச்சிருக்காங்க."

நாத்தனார் பையைத் தடவினாள். விரல் தையலோடு மெள்ள ஊர்ந்தது. முனைக்குப் போய் நின்றது.

"புது நூல். கிழிஞ்சதைத் தைச்சு வெச்சிருக்காங்க."

"கிழியலைங்க பாட்டி, நான் என் கண்ணால பார்த்தேன். போன்ல படம்கூட இருக்கு."

"போன்ல நீ நிலாவைக்கூடக் காட்டுவே. என் தம்பி செத்தப்போ நீ பொறந்திருந்தியா?"

ரெட்டைத் தையல் மகன் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுடா. அத்தை நீ சொன்னா நம்புவாங்க. மூடியை அறுத்தப்போ நீ பார்த்தியே."

நாத்தனாரும் அவன் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அப்பனை உரித்து வைத்த மாதிரி இருப்பான், அவளுக்கு அவன்மேல் உயிர். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மகன் மேனேஜரைப் பார்த்தான், காரைப் பார்த்தான், தன் ஷூவைப் பார்த்தான்.

"சரியா ஞாபகம் இல்லை அத்தை. ஒரே தூசியா இருந்துது."

விருந்தாளிகள் வர ஆரம்பித்தார்கள். கார் வட்டப் பாதையில் ஒரு சுற்று ஓடியது. மூன்றாவது வளைவில் மூக்கு எழும்பவே இல்லை, ஒட்டிக்கொண்டு போனது. எல்லோரும் கை தட்டினார்கள். அவள் நாத்தனாரின் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டிருந்தாள். பிடிக்கிறேன் என்று சொல்லிக் கூட்டி வந்தாயிற்றே, விட முடியுமா?

பஸ்ஸில் ஏற்றிவிட்டபோது நாத்தனார் சொன்னாள். "கண்ணாடிப் பெட்டியெல்லாம் போட்டு வெச்சிருக்காங்க. உனக்குப் பெருமைதான்."

சாயங்காலம் மகன் வந்தான். வாங்கிய பாராட்டின் களை முகத்தில் பாதி இருந்தது, மீதியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். நாற்காலியில் வேலைச் சட்டை போட்டபடியே கிடந்தது. எடுத்துப் பார்த்தான்.

"என்னம்மா, இன்னும் தைக்கலையா?"

அவள் மெஷினுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்க கம்பெனியிலயே குடுத்துத் தைச்சுக்க. பழைய தையல் இருந்த தடமே தெரியாமத் தைக்கறாங்க."