வரிக் கடைசி இடைவெளிகள்

அலுவலகத்தில் அவளை மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். புரோகிராம் எழுதும் எடிட்டரில் அவளுக்குத் தெரியாத ஷார்ட்கட் கிடையாது. ஒரே பெயர் ஐம்பது இடத்தில் வந்தாலும் இரண்டு விசைகளில் அத்தனையையும் பிடித்து மாற்றிவிடுவாள். அவள் மேசையில் இருக்கும் மவுஸ் வேலையை ராஜினாமா செய்துவிட்டது என்று கேலி செய்வார்கள்.

பக்கத்து இருக்கைக்குப் புதிதாக வந்தவரை எல்லோரும் அக்கா என்றார்கள். கணவர் படுத்த படுக்கையான பிறகு, பல வருடம் கழித்து மறுபடி வேலைக்கு வந்தவர். இன்னும் சோதனைக் காலம் முடியவில்லை. எதற்கும் மெனுவைத் திறந்து, உதடசைத்துப் படித்து, மெல்லக் கிளிக் செய்வார்.

பார்க்கப் பொறுக்காமல், ஒரு மதியம் அக்கா சாப்பிடப் போயிருந்தபோது மின்னல் தன் செட்டிங் அத்தனையையும் அந்தக் கணினியில் ஏற்றினாள். வந்தவருக்கு நாலு ஷார்ட்கட்டும் கற்றுக்கொடுத்தாள். சேவ் செய்தால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் உள்ள வெற்று இடைவெளிகள் தானாக அழியும் செட்டிங்கும் அதில் இருந்தது. அதைச் சொல்ல மறந்துபோனாள்.

மற்ற ஃபைல்களில் அந்த இடைவெளிகள் வெறும் குப்பை. கடைகளின் பில் வடிவம் இருந்த ஃபைலில் மட்டும் எண்ணிக்கை ஒரு வரியிலும் விலை அடுத்த வரியிலும் இருக்கும்; ஒன்றாகச் சேர்ந்து அச்சாகும்போது இரண்டையும் பிரித்து வைப்பவை அந்த இடைவெளிகள்தான். அக்கா அதில் ஒரே ஒரு வரியைத் திருத்தி சேவ் செய்தார். மறுநாள் கடைகளில், இரண்டு பொருள் விலை ஐம்பது என்பது இருநூற்றைம்பது என்று அச்சாகி வந்தது.

பழைய ஃபைலோடு ஒப்பிட்டபோது, மாற்றியவர் என்று நூற்றுக்கணக்கான வரிகளில் அக்காவின் பெயர். ஒரு வரியைத்தான் தொட்டேன் என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. மின்னலுக்கு நொடியில் விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. அதைவிடக் கேவலமாக, அக்கா எழுந்துபோன சமயம் பார்த்து அந்த ஒரு செட்டிங்கை மட்டும் அணைத்துவிட்டாள்.

திரும்பி வந்த அக்காவின் கண்கள் சிவந்திருந்தன.

"நான்தாம்மா தெரியாம எதையோ அமுக்கியிருக்கேன். நீ ஒருத்திதான் முகம் சுளிக்காம சொல்லிக்கொடுத்த. வீட்டுல அவர்கிட்ட உன்னைப் பத்திதான் பேச்சு."

மின்னல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மேனேஜர் அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். அக்கா கைப்பையையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். இனி இந்த நாற்காலிக்குத் திரும்பப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டவர் எழுவதுபோல் இருந்தது. அதைப் பார்த்த பிறகு மின்னலால் உட்கார முடியவில்லை. பின்னாலேயே ஓடினாள்.

அவள் சொன்னதை மேனேஜர் நம்பவில்லை. அக்காவைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாயா, அந்தக் கணினியில் அப்படி ஒரு செட்டிங்கே இல்லையே என்றார்.

"நான்தான் சார் அணைச்சேன். மாட்டிக்கக் கூடாதுன்னு."

இருவர் முன்னாலும் அதே கணினியில் செட்டிங்கைத் திரும்பப் போட்டு, பழைய ஃபைலில் ஒரு வரியைத் திருத்தி சேவ் செய்து காட்டினாள். ஒப்பிட்டுப் பார்த்ததில், மாறிப்போனவை என்று மேலிருந்து கீழ்வரை வரிகள் சிவந்தன. அக்காவின் வேலைக்கு ஒன்றும் ஆகாது என்று சொன்ன மேனேஜர், மின்னலை மட்டும் பிறகு வந்து பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

"இன்னும் என்னென்ன வச்சிருக்க? எல்லாத்தையும் எடுத்துடு."

ஒவ்வொன்றாக எடுத்தாள். இது என்ன, இது என்ன என்று பின்னால் நின்று கேட்டுக்கொண்டே வந்தார் அக்கா. திரை கண்ணீரில் கலங்கியது. கடைசி செட்டிங்கையும் எடுத்துவிட்டு, "அக்கா..." என்று ஆரம்பித்தாள்.

"எந்திரிம்மா. எனக்கு வேலை இருக்கு."