மேலே வைத்த கோப்புகள்

கைக்கு வந்த எந்தக் காகிதத்தையும் கிழித்தெறியாதவர் என்பதால், இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவருக்கு 'ரசீது' என்றே பெயர். முன்பு வேலை பார்த்த இடத்தில், தொடாத கோப்பை அவரே அழித்ததாகச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்தப் பணிநீக்க ஆணை இன்றும் அவர் பெட்டியில் இருக்கிறது. அதன்பின் யார் வாசலிலும் போய் நிற்காமல் கணினியைத் தாமே கற்றார்.

கூடத்தின் லினக்ஸ் கணினிகளுக்கு எந்த டெஸ்க்டாப், அதாவது எந்தத் திரை அமைப்பு, பொருந்தும் என்று தீர்மானிக்கும் பொறுப்பு வந்தபோது, ஒவ்வொன்றையும் நிறுவி, ஓட்டிப் பார்த்து, குறிப்பெடுத்தார். ஏற்கெனவே இருந்த எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப் பழைய மோஸ்தராகப் பட்டது. க்னோம் என்ற இன்னொன்றின் திரையோ துடைத்துவிட்டதுபோல் இருந்தது; ஒரு படக்குறிகூட இல்லை. அந்தச் சுத்தத்தில் மயங்கி, அதையே எல்லாவற்றிலும் போட்டார். புழங்குகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் காலை தட்டச்சு அக்கா பதறிக்கொண்டு வந்தார்.

"தம்பி, நான் அடிச்சு வெச்ச ரிப்போர்ட் ஒண்ணையும் காணோம். மேலதான் வெச்சிருந்தேன்."

"மேலன்னா? மொட்டை மாடியிலயா?"

இரத்தம் எடுக்கும் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

"நீங்களே அழிச்சிருப்பீங்கக்கா. மெஷின் தானா எதையும் அழிக்காது" என்றார் ரசீது.

அது மேலாளர் காதில் விழுந்தது. "முடியலைன்னா சொல்லிடுங்கம்மா, வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அக்கா கையால் எழுதிய தாள்களை எடுத்து வைத்து முதலிலிருந்து அடிக்க உட்கார்ந்தார்.

அழித்தது அக்காதான் என்பதற்கு ஆதாரம் எடுத்துவைக்க எண்ணி, அவர் சாப்பிடப் போன நேரத்தில் ரசீது அந்தக் கணினியில் தேடினார். ஒரு நோயாளியின் பெயரைத் தட்டியதும் கோப்பு வந்து நின்றது. அது மட்டுமல்ல, எல்லாமே 'டெஸ்க்டாப்' என்ற ஃபோல்டரில், வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. க்னோம் அவற்றைத் திரையில் காட்டவில்லை, அவ்வளவே. அக்கா சொன்ன 'மேல' அந்தத் திரைதான்.

ரசீதுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. பெட்டியிலிருக்கும் ஆணையில் தம் பெயரை அடித்துவிட்டு, அக்காவின் பெயரைத் தாமே எழுதிவிட்டதாகத் தோன்றியது.

பழைய டெஸ்க்டாப்பையே திரும்பப் போட்டார். திரை நிறையக் கோப்புகள் முளைத்தன. சாப்பிட்டுத் திரும்பிய அக்கா திரையைத் தொட்டுப் பார்த்தார்.

"வந்துடுச்சே! நல்லா இருப்பீங்க தம்பி. என் வேலையைக் காப்பாத்திட்டீங்க."

அந்த நன்றியை வாங்கிக்கொள்ள அவருக்குக் கூசியது. காலையில் சிரித்தவர்களுக்கும் கேட்கும்படி, மேலாளர் அறை வாசலில் போய் நின்றார்.

"சார், அக்கா எதையும் அழிக்கல. நான்தான் யாரையும் கேக்காம திரையை மாத்தினேன். அதுல மறைஞ்சு போச்சு."

"அப்போ எங்கய்யா இருந்துச்சு?"

குனிந்த தலை நிமிரவில்லை.

"மேலதான் சார் இருந்துச்சு."