சக்கர நாற்காலிக்கு விட்டிருந்த இடம்

என் முழங்கால் வலியை நினைத்துத்தான் மருமகள் அன்று துபாய் டிராமில் கூட்டிப்போனாள். "படியே கிடையாது அத்தை. நம்ம ஹால்லருந்து அடுப்படிக்குப் போற மாதிரி போயிரலாம்" என்றாள். அப்படித்தான் இருந்தது. நடைமேடையும் வண்டித் தரையும் ஒரே மட்டம்.

நாங்கள் ஏறியது பெண்கள் பகுதி. தரையில் ரோஸ் கோடு, அதற்கு அந்தப்பக்கம் ஆண்கள். காலியாக இருந்த சீட்டெல்லாம் சக்கரத்துக்கு மேலே, ஒரு படி உயரத்தில், எதிரெதிராக இருந்தன. முன்பின் தெரியாதவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்காருவது? கதவோரம் சீட்டே இல்லாமல் அகலமாக ஒரு இடம் கிடந்தது. தரை பளிச்சென்றிருந்தது. ஊரில் ரயிலில் உட்காருவது போலச் சேலையை ஒதுக்கிக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன்.

"அத்தை! என்ன பண்றீங்க? எல்லாரும் பாக்குறாங்க."

"எல்லாம் பொம்பளைங்கதானம்மா. யாருக்கு இடைஞ்சல்?"

அடுத்த ஸ்டேஷனில் கதவு திறந்தது. வெளியே சக்கர நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் வந்து நிற்க வேண்டிய இடத்தில்தான் நான் இருந்தேன். என் தலைக்கு மேலே சக்கர நாற்காலிப் படம் ஒட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

எழப் பார்த்தேன். மடக்கிய கால் மடக்கியபடியே நின்றுவிட்டது. மருமகள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கியும் முடியவில்லை. கதவு மூடப்போகிறதென்று மணி அடித்தது. கோட்டுக்கு அந்தப்பக்கமிருந்து நம்மூர்க்காரர் ஒருவர் ஓடிவந்தார். கோட்டைக் கண்டதும் நின்றுவிட்டார். "கம்பியப் புடிங்கம்மா, கம்பிய!" என்று அங்கிருந்தே கத்தினார். ஆண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பெண்தான் நாற்காலியைக் கதவு மூடாதபடி பாதி உள்ளே உருட்டி நிறுத்தி, அதன் கைப்பிடியைத் தட்டிக் காட்டினாள். நடக்கமுடியாத ஒருத்தியின் நாற்காலியைப் பிடித்து நான் எழுந்தேன். அவள் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள்.

"பரவால்லைன்னு சொல்றாங்க அத்தை."

நான் நிமிரவில்லை. இறங்கும்வரை அந்தப் பெண்ணின் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி சாப்பிடும்போது மகன் கேட்டான்: "டிராம் எப்படிம்மா இருந்துச்சு?"

மருமகள் சொல்லிவிடுவாள் என்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவள் எனக்கு ரசம் ஊற்றினாள்.

"படியே இல்லப்பா" என்றேன்.