மேட்டில் நட்ட புங்கன்

எங்கள் மாமாவுக்கு மரம் என்றால் உயிர். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வாரம் முழுக்கத் துணி வெட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமை வந்தால் குழி வெட்டக் கிளம்பிவிடுவார். யார் வீட்டில் என்ன விசேஷமானாலும் ஒரு கன்று நட வைக்காமல் விடமாட்டார். அம்மாவின் தம்பி என்பதால் என் பிறந்தநாளும் அவரிடமிருந்து தப்பவில்லை.

சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணீர் வருவது நின்றபிறகு, எங்கள் பக்கத்துக் குளத்தை மாமாவின் ஞாயிற்றுக்கிழமைக் குழு தூர்வாரியிருந்தது. வாரிய மண்ணை நடுக்குளத்தில் மேடாகக் குவித்திருந்தார்கள். பனிக்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்கவும், உள்ளூர்ப் பறவைகள் முட்டையிடவும் அந்த மேடு. அது மொட்டையாகக் கிடந்தது மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "பறவைக்கு நெழல் வேண்டாமுங்களா?" என்று குழுவிடம் பேசிச் சம்மதிக்க வைத்து, மேடு முழுக்கக் கன்று நடச் செய்தார். அதில் ஒரு புங்கன் எனக்கு. கேக் கேட்டவளுக்குப் புங்கன்! ஆனால் எல்லோரும் கைதட்டியதில் கேக்கை மறந்துவிட்டேன். மாமா ஒவ்வொரு கன்றுக்கும் மூங்கில் குச்சி ஊன்றி, பனியன் துணியைக் கிழித்துக் கட்டினார். ஞாயிறுதோறும் அவர் வண்டியில் போய், முழங்கால் தண்ணீரில் இறங்கி மேடேறி என் புங்கனுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

கோடையில் ஒரு ஞாயிறு, மேட்டில் கால் வைத்ததுமே ஆள்காட்டிக் குருவி ஒன்று கத்திக்கொண்டு என் தலைக்கு மேலே பாய்ந்து பாய்ந்து வந்தது. என் கன்றின் குச்சியில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. கீழே வெறுந்தரையில், சரளைக்கல் நிறத்தில் முட்டைகள். ஒன்று உடைந்து மஞ்சள் வழிந்து கிடந்தது.

மாமா காக்கையை விரட்டிவிட்டுச் சுற்றிப் பார்த்தார். குச்சிக்குக் குச்சி காக்கை. வெட்டவெளியில் முட்டையிடுகிற பறவையின் பக்கத்தில், காக்கைக்கு நாங்களே நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தோம். குச்சியை மட்டும் எடுத்தாலும், கன்று வளர்ந்தால் அதுவும் காக்கைக்கு நாற்காலிதான். இது இப்போது தெரிகிறது. அன்று எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"எல்லாத்தையும் எடுத்தறோணுமுங்க, மத்த முட்டையாச்சும் பொழைக்கட்டும்" என்றார் மாமா. குழுவில் ஒருவரும் அசையவில்லை. ஒவ்வொரு கன்றும் யாரோ ஒருவர் வீட்டு விசேஷம். மாமா நேராக என் புங்கனிடம் வந்து முதலில் குச்சியைப் பிடுங்கினார், பிறகு கன்றை வேரோடு.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "மரம் நட்டா நல்லதுன்னு நீங்கதானுங்களே மாமா சொன்னீங்க?"

"ஆமா கண்ணு, நல்லதுதான்."

"அப்பறம் எதுக்குங்க புடுங்கறீங்க?"

"இதும் நல்லதுக்குத்தான் கண்ணு."

நட்டபோது கைதட்டியவர்களெல்லாம் இப்போது ஒவ்வொருவராகக் குனிந்து பிடுங்கத் தொடங்கினார்கள். இதற்கு யாரும் கைதட்டவில்லை. குருவி மட்டும் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. மாமா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "தப்புத்தானுங்க சாமி, இதா போயர்றமுங்க" என்று அதனிடம் சொல்லிக்கொண்டே அடுத்த கன்றுக்குப் போனார். கம்பெனி முதலாளியிடம்கூட அவர் அப்படிப் பணிந்து பேசி நான் கேட்டதில்லை. தண்ணீர் ஊற்றும்போது நான்தான் ஏதோ பிசகு செய்துவிட்டேன், எனக்காகத்தான் மாமா கெஞ்சுகிறார் என்று நினைத்து, கையைக் கூப்பிக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தேன்.