செம்பனை வரிசையில் பறித்த இலை

மாதங்கள் ஆகியும் அந்தக் கோபம் தணியவில்லை. பாதிக் கோபம் என் மேல்தான்.

ஜொகூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவி நான். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களில் மண்டிக் கிடக்கும் ஒரு செடியின் சாறு புற்றுநோய்ச் செல்களைக் கொல்லுமா என்பதுதான் என் ஆய்வு. மற்ற மாணவர்கள் தோட்ட ஆபீசில் கடிதம் கொடுத்து, எந்த வரிசையில் எப்போது என்ன தெளித்தார்கள் என்று கேட்டுக்கொண்டுதான் இலை பறிப்பார்கள். நான் லாயாங் லாயாங் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் தோட்டத்துக்குள் போக எவனைக் கேட்க வேண்டும்? தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, பின்பக்கப் பாதையில் நுழைந்து ஒரு சாக்கு நிறையப் பறித்து வந்தேன். அந்தத் திமிரை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

சாற்றை விட்ட மறுநாளே செல்கள் கூண்டோடு செத்தன. பேராசிரியர் கைதட்டினார். மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கமும் போய்விட்டது. தலைகால் புரியாமல் அக்காவிடம் சொன்னேன். அவள் அதே தோட்டத்தில் களைக்கொல்லி, தோட்டத்துப் பேச்சில் ராச்சூன், அடிப்பவள்.

"எப்ப, எந்த வரிசையில பறிச்ச?" என்றாள். சொன்னேன்.

"அலமாக்! அதுக்கு முந்தின நாள்தானே அங்க ராச்சூன் அடிச்சோம்! லீவுக்கு முன்னாடி முடிக்கணும்னு வேலை வாங்குற மண்டோர் விரட்டுனாரு."

தெளிக்காத இடமாகக் கேட்டுப் பறித்து, மூன்று முறை திரும்பச் செய்தேன். ஒரு செல்லும் சாகவில்லை. பேராசிரியரிடம் ஓடினேன்.

"ஏம்மா டென்ஷன் ஆவுற? முதல் ரிசல்ட் நல்லாதானே இருக்கு. அத மட்டும் எழுதிடு லா."

"கொன்னது இலை இல்ல சார், ராச்சூன்."

"பட்டம் வேணுமா, வேணாமா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இவ்வளவு படிக்க வேண்டுமா? அந்த மேசையைப் புரட்டிப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. சுருக்கத்தைத் திரும்பப் பெறுவதாக மாநாட்டுக்கு அன்றே நானே எழுதினேன். உதவித்தொகை இந்த வருடத்தோடு முடிகிறது. கையில் ஆய்வும் இல்லை, பட்டமும் இல்லை.

வீட்டுக்குப் போய் அக்காவிடம் கத்தித் தீர்த்தேன். அவள் பேராசிரியரைத் திட்டவில்லை, எனக்கு ஆறுதலும் சொல்லவில்லை.

"அந்தச் செல்லெல்லாம் சாக எவ்ளோ நேரமாச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒரே நாள்."

"நான் பதினோரு வருஷமா அடிக்கிறேன்டி."

புற்றுநோய்க்கு மருந்து தேடிப் படிக்கப் போன எனக்கு, அவளிடம் கையுறை இருக்கிறதா என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை.