ரிசர்வில் குந்தியிருந்த மாப்பிள்ளை

என் தம்பிக்குக் கல்யாணம் அமைந்தது பந்தாட்டத்தால்தான். அதுவும் அவன் ஆடியதால் இல்லை, ஆடாமல் உட்கார்ந்திருந்ததால். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்புத் தாங்காது. பல் செட் கழன்று விழப்போகிறது என்று வீட்டில் அதட்டுவார்கள். விழட்டும்.

மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நெல்லும் கரும்பும். தம்பிக்கு அந்த வேலை ஒட்டவில்லை. ஒரு வியாபாரியோடு கரியாலூர் மலைக்குப் போய்க் கடுக்காய் மூட்டை சுமந்தான். மலையில் ஏறி இறங்கிய கால் அது. வழியில் உதிர்ந்து கிடக்கிற கடுக்காயை எல்லாம் உதைத்துக்கொண்டே வருவானாம். அந்தக் காலை எவரோ பார்த்து, பெங்களூரில் ஒரு பெரிய தொழிற்சாலையில் சேர்த்துவிட்டார்கள். இயந்திரத்தைத் தொட வேண்டாம், பந்தை உதைத்தால் போதும். டெம்ப்ரவரி வேலை. இப்படியும் ஒரு வேலை உண்டா என்று எங்கள் ஊரே வாயைப் பிளந்தது.

நாலு வருஷம் கழித்து, இந்தியா டீமில் எடுத்திருக்கிறார்கள் என்று கடிதம் வந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது. எண் தெரியும், கரும்பு வண்டி டோக்கன் பார்த்துப் பழகியது. அந்தக் கடிதத்தில் நானாகக் கண்டுபிடித்தது ஒன்றுதான், 16. அவன் சட்டை நம்பர். மற்றதைப் படித்துச் சொன்னார்கள்: 'அக்கா, மேலத்தெருப் பெண்ணைத் தவிர வேறு எங்கேயும் பேசாதே.'

அம்மா அப்பா இல்லாத வீடு. பேசினால் நான்தான் பேச வேண்டும். பேசப் போனேன். பெண்ணின் அப்பா எனக்கு மாமா முறை.

"ஏம்மா, ஒன் தம்பி அங்க இன்னா வேல பாக்கறான்?"

"பந்து ஒதைக்கறான் மாமா."

"அது சாயங்காலம். காலீல இன்னா பண்றான்?"

"காலீலயும் அதான் மாமா."

மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "பர்மனென்ட்டா?"

"இந்தியா டீம்ல எடுத்துக்கீறாங்க மாமா. டிவில வருவான்," என்றேன்.

"டிவில வரான்னு சொல்றியே, வரட்டும். எங்கண்ணால பாத்துட்டு தட்டு மாத்திக்கலாம். வரலன்னா உளுந்தூர்பேட்டைல ரைஸ்மில்லு வச்சினு ஒருத்தன் கீறான். ஆள அனுப்பிகினே இருக்கான்."

அக்கம்பக்கத்து நாடுகள் எல்லாம் சேர்ந்து நடத்துகிற போட்டி அது. கடைசி ஆட்டம் நமக்கும் நேபாளத்துக்கும். அது எப்போது வந்தது என்றால், எங்கள் சனத்துக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு ரோட்டை மறித்த அதே வாரத்தில். வேறு ஊர்களில் அந்த நாட்களில் நடந்ததைச் சொல்லிச் சிரிக்க முடியாது. உயிர் போயிருக்கிறது. எங்கள் ஊரில் போனது கரண்டுதான்.

போகாமல் என்ன செய்யும்? ரோட்டோரப் புளியமரத்தை வெட்டிச் சாய்த்தவர் எங்கள் மாமா. மரம் ரோட்டில் விழும் என்று கணக்குப் போட்டார். அது ரோட்டிலும் விழுந்தது, கரண்டு கம்பியிலும் விழுந்தது. மூன்று நாள் ஊர் இருட்டு. ஆட்டத்தன்று காலையில்தான் பஞ்சாயத்து டிவியின் ஞாபகம் எல்லோருக்கும் வந்தது. லைன்மேனுக்கு ஆள் அனுப்பினால், "ரோட்ட மறிச்சினு குந்திகினு கீறீங்க, நான் இன்னா பறந்து வரதா?" என்று கேட்டு அனுப்பினார். கடைசியில் தாங்கள் வெட்டிய மரத்தைத் தாங்களே கயிறு கட்டி இழுத்து, சைக்கிள் போகிற அளவுக்கு வழி விட்டு, லைன்மேன் உள்ளே வந்ததும் மறுபடி இழுத்துப் போட்டார்கள். சாலை மறியல் நிற்கக் கூடாது, ஆட்டமும் தவறக் கூடாது.

மதியம் டிவியில் வெளிச்சம் வந்தது. கறுப்பு வெள்ளைப் பெட்டி. இரண்டு டீமும் ஒரே சாம்பல் நிறத்தில் ஓடின. அரை மணி நேரம் எங்கள் ஊர் ஆண்கள் நேபாளத்துக்குக் கை தட்டினார்கள். நம் ஆட்கள் கோல் போட்டபோது மாமா "போச்சுடா" என்று தலையில் கை வைத்தார். யாரும் திருத்தவில்லை. பெட்டியில் பேச்செல்லாம் இந்தி, நடுவே இங்கிலீஷ்.

நான் 16 தேடினேன். ஓடுகிறவர்கள் முதுகை எல்லாம் பார்த்தேன். 16 இல்லை. என் பக்கத்தில் மேலத்தெருப் பெண் உட்கார்ந்திருந்தாள். எட்டாவது வரை படித்தவள். அவளும் கண்ணை எடுக்கவில்லை. மாமா எங்கள் பக்கம் திரும்பி, "எங்கம்மா ஒன் தம்பி? பந்து பொறுக்கறானா?" என்றார். எனக்கு ரைஸ்மில் சத்தம் காதில் கேட்டது.

அப்போது படத்தில் கோட்டுக்கு வெளியே ஒரு பெஞ்சு வந்தது. அதில் நாலைந்து பேர். நடுவில் என் தம்பி, கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்தின மாதிரி. பெட்டிக்குள் இருந்தவர் ஏதோ சொன்னார். அதில் ஒரு வார்த்தை எல்லோர் காதிலும் விழுந்தது.

மாமா பஞ்சாயத்து கிளார்க்கைப் பார்த்தார். "இன்னாய்யா சொன்னான் அவன்?"

"ரிசர்வ்ல கீறாங்களாம்."

மாமா எழுந்து நின்றார். "ரிசர்வேஷனா? நம்ம பையனுக்கா?"

"ரிசர்வ்னுதான் சொன்னான்," என்றார் கிளார்க். அவருக்கும் அவ்வளவுதான் தெரியும்.

"பாத்துக்கோங்கடா," என்றார் மாமா. "நாம இங்க வெயில்ல மரத்த வெட்டிப் போட்டுகினு கெஞ்சிகினு கீறோம். இவன் சத்தமில்லாம வாங்கிகினு பெஞ்சுல குந்திகினு கீறான். ஓடறவன் ஓடட்டும், இவன் சம்பளம் இவனுக்கு. இதாண்டா ஒதுக்கீடு."

இன்னொருவர், "அஞ்சு பேருக்குத்தான் குடுத்துக்கீறான், கம்மி," என்றார். அதற்கும் ஒரு மறியல் வைக்கலாமா என்று பேச்சு ஓடியது. மாமா என்னைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. "வர்ற வெள்ளிக்கெழம தட்டு மாத்திக்கலாம்மா."

நான் நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் ஆட்டம் முடிகிற நேரம் வந்துவிட்டது. என் தம்பியை எழுப்பினார்கள். அவன் காலை உதறிக்கொண்டு உள்ளே ஓடினான். நான் என்னை அறியாமல் கை தட்டினேன். மாமா முகம் சுருங்கிவிட்டது.

"எதுக்கும்மா அவன எழுப்பறானுங்க? ரிசர்வேஷன ரத்து பண்ணிட்டானுங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். திரையில் என் தம்பி பந்தை ஒரு தடவை தொட்டான். வெள்ளிக்கிழமை கையை விட்டுப் போகிறது. எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"ரத்து இல்ல மாமா. ரிசர்வ்ல இருந்தவன பர்மனென்ட் பண்ணிட்டாங்க."

மாமா கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க் தலையை ஆட்டிவைத்தார். தெரியாது என்று சொல்வதைவிட அவருக்கு அது சுலபம். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வெள்ளிக்கெழம," என்றார்.

தம்பி தொழிற்சாலையில் நிஜமாகப் பர்மனென்ட் ஆக மூன்று வருஷம் பிடித்தது. அதற்குள் இரண்டு பிள்ளைகள். மூத்தது பிறந்தபோது தம்பி பெண்டாட்டிக்குப் பத்தியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே அவள் சொன்னாள்:

"ரிசர்வ்னா இன்னான்னு எனக்கு அன்னிக்கே தெரியும் அண்ணி. ஆளு கொறஞ்சா எறக்கறதுக்குக் குந்த வச்சிருப்பாங்க."

"தெரிஞ்சும் ஏண்டி சும்மா இருந்த?"

"எங்கப்பா தப்பா புரிஞ்சினு நல்லது பண்றது எப்பவோ ஒரு தபாதான். அத்த போயி கெடுப்பாங்களா?"