மூன்று முறை ஆர்னேட்லி

ஏலக்கடையில் அவளுக்கு விவரக்காரி என்றுதான் பெயர். விற்பனைக்கு வரும் சாமான்களுக்கு ஆங்கிலத்தில் நாலு வரி விவரம் எழுதுவது அவள் வேலை. கல்யாணம் வேண்டாம் என்று பழைய நாற்காலி மேஜைகளோடு காலம் தள்ளியவள். அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர் கிடையாது.

ஆர்னேட்லி என்ற ஆங்கிலச் சொல்லை அவள் லேசில் தொடமாட்டாள். அகராதியைக் கேட்டால், வேலைப்பாடு வழிய வழிய, அலங்காரமாக என்று இனிக்க இனிக்கச் சொல்லும். ஆனால் மரம் உளுத்துப்போய், மெச்ச வேறு ஒன்றும் இல்லாத சாமானுக்குத்தான் ஏலக்கடைகளில் அதை எழுதுவார்கள். வாடிக்கை வியாபாரிகள் ஏலப் பட்டியலில் அதைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.

அம்மா போனதும் வீட்டையே அண்ணன் வாரிச் சுருட்டிக்கொண்டான். படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டவள் இவள். கேட்டது அம்மாவின் தேக்கு அலமாரி ஒன்றைத்தான். தரமாட்டேன் என்றிருந்தால்கூடத் தேவலை. இவள் வேலை செய்யும் கடைக்கே அதை ஏலத்துக்கு அனுப்பினான், பாவி.

"நல்லா எழுது. வேணும்னா நீயும் வந்து கேட்டு வாங்கிக்கோ," என்று இளித்தான்.

எழுதினாள். நாலு வரியில் மூன்று ஆர்னேட்லி. படித்துவிட்டு அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டான்.

ஏலத்தன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. விவரக்காரி மட்டும் கையைத் தூக்கினாள். அவள் எழுத்தில் ஏதோ சூது இருக்கிறது என்று அப்போதுதான் அண்ணனுக்கு உறைத்தது.

"நிறுத்துங்க! இவளுக்குக் கிடையாது. விறகா எரிச்சாலும் எரிப்பேன்!"

சுத்தியல் விழுவதற்கு முன் சொந்தக்காரர் சாமானைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது கடை விதி. அது அவளுக்குத் தெரியாததல்ல. அவன் இவ்வளவு கீழே இறங்குவான் என்பதைத்தான் எதிர்பார்க்கவில்லை. அலமாரியை வண்டியில் ஏற்றும்போது வாசலுக்கே போய்விட்டாள்.

"கொண்டு போ. ஆனா விக்க முடியாது. எல்லா வியாபாரி கையிலயும் நான் எழுதினது இருக்கு."

"அப்படி என்னடி எழுதித் தொலைச்சே?"

"அழகா இருக்குன்னு எழுதினேன்."

சொன்னபடியே அலமாரி எங்கும் விலை போகவில்லை. எரிக்கவும் அவனுக்குக் கை வரவில்லை. போன வாரம் அண்ணி போன் செய்தாள்.

"பாதிக் கூடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. தினமும் இடிச்சுக்கறேன். வந்து எடுத்துட்டுப் போயிடேன்!"

விவரக்காரி தன் அறையில் அலமாரிக்காக ஒதுக்கி வைத்த வெற்றுச் சுவரைப் பார்த்தாள்.

"அண்ணனை வந்து கேக்கச் சொல்லுங்க அண்ணி," என்று போனை வைத்துவிட்டாள். அவன் வரமாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.